ரிமாண்ட் மேசைக்கு முன்னால் நிற்கும் வக்கீலுக்கு



உன் கடிதம் கிடைத்தது. கொச்சி வாத்துருத்தியில் வாடகை அறையில் தங்கி லோடு ஏற்றும் இரண்டு பேரை, ராத்திரி பிடித்து மறுநாள் சாயங்காலம் ஆஜர்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறாய். இருவருக்கும் தமிழ் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அரெஸ்ட் மெமோ முழுக்க மலையாளம். அதன் அடியில் தமிழில் கோணல்மாணலாக இரண்டு கையெழுத்து. நீ எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்ததும், “ஜாமீன் மனுவில் சொல்லிக்கொள்ளுங்கள்” என்று மேலேயிருந்து பதில் வந்தது; அதற்குள் 14 நாள் ரிமாண்ட் எழுதி முடித்தாகிவிட்டது. “போலீஸைக் கேட்க கோர்ட் இருக்கிறது, கோர்ட்டைக் கேட்க யார் இருக்கிறார்கள் சார்?” என்று கேட்டிருந்தாய்.

நியாயமான கேள்வி. வக்கீல் தொழிலுக்கு வந்த முதல் வருஷத்திலேயே இது உனக்கு உறைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதற்குப் பதிலை எல்லோரும் ரொம்பத் தூரத்தில் தேடுகிறார்கள். நீதிபதியைப் பொறுப்பாக்குவது என்றதும் நாடாளுமன்றம், பதவி நீக்கத் தீர்மானம் என்று பேச்சுப் போகிறது. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்க மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். விசாரணைக் குழு அமைய வேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம்மவர் வி.ராமசாமி மீது விசாரணைக் குழு குற்றச்சாட்டுகள் பலவற்றை உறுதி செய்த பிறகும், 1993 மே மாதம் ஆளுங்கட்சி ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் தோற்றது. வாத்துருத்தியில் பிடிபட்டவனுக்கு அந்தக் கதவால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவனுக்கு வேண்டிய கதவு நீ நின்றுகொண்டிருந்த மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை எப்படித் தட்டுவது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சாத்தான்குளத்தை நினைத்துக்கொள். அது நடந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாய். 2020 ஜூன் 19, ஊரடங்குக் காலம். கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போன மகன் பென்னிக்ஸும் உள்ளே மாட்டிக்கொண்டார். ராத்திரி முழுக்க அடி. பென்னிக்ஸின் நண்பர்களில் வக்கீல்களும் இருந்தார்கள். அவர்கள் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள், உள்ளே விடவில்லை. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் உடல் தகுதிச் சான்று வாங்கினார்கள். ரத்தம் நிற்காமல் லுங்கியை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது என்று உடனிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அந்த நிலையிலும் சான்றிதழ் கிடைத்தது. அடுத்து மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோனார்கள். அங்கே ரிமாண்டும் கிடைத்தது. இருவரையும் பக்கத்தில் அழைத்துப் பார்க்காமலே, ஒரு வார்த்தை கேட்காமலே அனுப்பிவிட்டார் என்பதுதான் அப்போது எழுந்த பெரிய குற்றச்சாட்டு. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார். 23ஆம் தேதி காலையில் அப்பா.

அந்தக் கொலையில் லத்தி பிடித்தவர்கள் யார் என்பதைப் பார்ப்பது குற்றவியல் கோர்ட்டின் வேலை. நம் தொழிலுக்கு அதில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் அரசியல் சட்டம் ஒரு மேசையைப் போட்டு வைத்திருக்கிறது. பிடித்தவனை 24 மணி நேரத்துக்குள் அந்த மேசைக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று 22ஆம் சரத்து சொல்வது, காகிதத்தில் சீல் வைப்பதற்காக அல்ல. ஸ்டேஷனைச் சேராத ஒரு கண் அவன் உடம்பைப் பார்க்க வேண்டும், ஸ்டேஷனைச் சேராத ஒரு காது அவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கண் ஏறிட்டுப் பார்த்திருந்தால், ‘அடித்தார்களா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், இரண்டு பேரும் சிறைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

இனி இதன் மறுபாதியையும் பார். அதே பதவியில் இருந்த இன்னொரு மாஜிஸ்ட்ரேட், கோவில்பட்டியின் பாரதிதாசன். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக வழக்கை எடுத்துக்கொண்டு அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பியது. ஜூன் 28ஆம் தேதி போனார். கேட்ட ஆவணங்களைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். ஒரு காவலர் அவர் முகத்துக்கு நேரே தரக்குறைவாகப் பேசினார். கேமராப் பதிவைப் பார்த்தால், ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் தினமும் தானே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருக்கிறார்கள்; 19ஆம் தேதிப் பதிவு இல்லை. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்துகொண்டே சாட்சி சொன்னார்: விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அழிப்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. வெளியே போலீஸார் சூழ்ந்து நிற்க, காத்திருந்து அந்தக் கையெழுத்தை வாங்கினார் பாரதிதாசன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தன்னைப் பேசிய பேச்சையும் சேர்த்துத்தான். அந்த அறிக்கை போன பிறகு என்ன நடந்தது? ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவு வந்தது. சி.பி.சி.ஐ.டி. உடனே இறங்கிக் கைது செய்தது. பிறகு சி.பி.ஐ. எடுத்துக்கொண்டது.

ஒரே மாவட்டத்து இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகள். அதே சட்டம், அதே சம்பளம். ஒருவர் எழுத வேண்டியதை எழுதவில்லை, மற்றவர் எழுதினார். கோர்ட்டை யார் கேட்பது என்று நீ கேட்டதற்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. நம் அமைப்பில் கீழ்க்கோர்ட்டை மேல்கோர்ட் கேட்கிறது. ஆனால் மேல்கோர்ட்டுக்குத் தெரிவது எழுத்தில் இருப்பது மட்டும்தான். எழுத்தில் கொண்டுவருவது உன் வேலை. நீ வாயால் சொன்னது அந்த அறையின் காற்றோடு போய்விட்டது. ஒரு தாளில் நாலு வரி எழுதி நீட்டியிருந்தால், அதை ஏற்றாலும் தள்ளினாலும் ஏதாவது எழுதியே ஆக வேண்டிய நிலை வந்திருக்கும். தள்ளியிருந்தால் இன்னும் நல்லது, மேலே கொண்டுபோக உன் கையில் ஒரு உத்தரவு இருந்திருக்கும்.

உன்னிடம் கைவசம் இருக்கும் சட்டம் சாதாரணப்பட்டதல்ல. 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலரும் போலீஸுக்கான அறிவுரை என்று மட்டுமே படிக்கிறார்கள். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் அவசியமில்லாமல் கைது செய்யாதே என்பது அதில் பாதிதான். காரணத்தை எழுதாமல் காவலில் வைக்க அனுமதிக்கும் மாஜிஸ்ட்ரேட் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்பது மற்ற பாதி. நீதிபதியின் பொறுப்பைப் பற்றி நம் நாட்டில் நடைமுறையில் உள்ள மிகக் கூர்மையான வாசகங்களில் ஒன்று அது. மேடையில் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. ரிமாண்ட் நேரத்திலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீ சொல். மரியாதை குறையாமல், தீர்ப்பின் நகலோடு சொல்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், உன் கட்சிக்காரர்களின் உயிர்நாடி அதுதான். பிடித்ததற்கான காரணத்தைப் பிடிபட்டவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது; புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47ஆம் பிரிவும் சொல்கிறது. அவனுக்குப் புரியாத மொழியில் சொன்னால் அது சொன்னதாகாது என்று தடுப்புக் காவல் வழக்கு ஒன்றில் 1962லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்து விலங்கு பூட்டப்பட்டவர் அவர். ரிமாண்டுக்கு ஆள் வரும்போது 22(1) சரத்து பின்பற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மாஜிஸ்ட்ரேட்டின் கடமை என்று அதில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அதே வருஷம் நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு: எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவனுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும், அந்த நிமிஷமே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னாலாவது தர வேண்டும், இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது.

இப்போது அந்த மெமோவை மறுபடி எடுத்துப் பார். மலையாளப் பக்கத்துக்கு அடியில் தமிழ்க் கையெழுத்து. அந்தக் கையெழுத்தே உன் முதல் சாட்சி. “மனசிலாயோ?” என்று போலீஸ்காரர் கேட்டிருப்பார், பயத்தில் தலையாட்டியிருப்பார்கள். தலையாட்டல் சட்டத்துக்குப் போதாது. நாளைக்கே மனுப் போடு: இவர்களுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும், காரணம் தமிழில் எழுதித் தரப்படவில்லை, எனவே கைது செல்லாது, விடுவிக்க வேண்டும் என்று. ஜாமீன் மனுவை அதற்கு மாற்றாக வை. அதையே முதலாவதாக வைக்காதே. ஜாமீன் கேட்கும்போது நாம் சலுகை கேட்கிறோம் என்ற நினைப்பு நமக்கே வந்துவிடுகிறது.

கொச்சியில் இது சில்லறை விஷயமல்ல. தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும், சமாளித்துக்கொள்வார்கள். புதிதாக வந்து இறங்கும் திருநெல்வேலிக்காரனுக்கும் திண்டுக்கல்காரனுக்கும் அது கிடையாது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். தமிழனுக்காக நீ வாங்கும் ஒரு உத்தரவு நாளைக்கு அவர்களுக்கும் உதவும் என்பதை மறந்துவிடாதே.

ஆஜர்படுத்தும் இடத்தில் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. கட்சிக்காரனிடம் முதலில் வழக்கைக் கேட்காதே, உடம்பைக் கேள். காது கேட்கிறதா, சிறுநீரில் ரத்தம் போகிறதா, உள்ளங்காலைக் காட்டு என்று கேள். அடி பட்டிருந்தால் கோர்ட் நேரடியாக மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடு. நம் திருச்சூர் மாவட்டத்துக் குன்னம்குளத்தில் 2023 ஏப்ரலில் ஓர் இளைஞரை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். அவர்தான் போலீஸைத் தாக்கினார் என்று வழக்கும் போட்டார்கள். கோர்ட் உத்தரவிட்ட பரிசோதனையில்தான் காது பாதிக்கப்பட்டது தெரிந்தது. பிறகு கேமராப் பதிவுக்காக அவர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விடாமல் போராடினார். மறுத்தார்கள். தகவல் ஆணையம் வரை போய் வாங்கினார். 2025 செப்டம்பரில் கேரளமே அந்தக் காட்சியைப் பார்த்தது. காவலர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். சாத்தான்குளத்தில் அழிந்த பதிவு குன்னம்குளத்தில் பிழைத்துக்கொண்டது, ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்ததால். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவு குறைந்தது ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உத்தரவாகியிருக்கிறது. அதனால் ரிமாண்ட் அன்றைக்கே, பதிவைப் பாதுகாத்து வைக்க உத்தரவிடக் கோரி ஒரு மனுவைச் சேர்த்துக் கொடுத்துவிடு. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மெஷின் ரிப்பேர் என்பார்கள்.

நகல் மனுவையும் அன்றே போடு. உத்தரவின் நகல் கையில் இல்லாத வக்கீல் உயர் நீதிமன்றத்தில் கதை சொல்கிறவராகத்தான் தெரிவார்.

அப்பீலால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீ கேட்பாய். ஆகாது. ஆனாலும் கொச்சியிலிருந்தே போன ஒரு வழக்கைச் சொல்கிறேன், இதை நீ முழுதாகப் படிக்க வேண்டும். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ், எதிர்த் தரப்பு பேங்க் ஆஃப் கொச்சின். கடனுக்கு டிக்ரி ஆகிவிட்டது, கட்டவில்லை, சிவில் சிறையில் அடைக்க வாரண்ட். அவரிடம் கட்ட வசதி இருக்கிறதா, வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறாரா என்று எந்த விசாரணையும் இல்லாமல் வாரண்ட் பிறந்தது. உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. 1980 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைத் திருப்பி அனுப்பினார். இல்லாதவன் கட்டவில்லை என்பதற்காக ஜெயிலில் போட முடியாது, கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், இப்போதைய வசதியை விசாரித்துவிட்டு வா என்று. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் சரத்தையும் நம் 21ஆம் சரத்தையும் சேர்த்து வைத்துப் படித்தார். வாரண்ட் எழுதிய கோர்ட்டை யாரும் தண்டிக்கவில்லை. ஆனால் அன்று முதல் இந்தியாவின் எந்த முன்சீஃப் கோர்ட்டிலும் விசாரிக்காமல் கடன்காரனை உள்ளே தள்ளினால் அது தவறு என்று காட்ட ஒரு தீர்ப்பு இருக்கிறது. தனி நீதிபதிக்குத் தண்டனை கிடைப்பதைவிட அது பெரிய காரியம் என்றே நான் நினைக்கிறேன். பள்ளுருத்தியிலும் இங்கே இடக்கொச்சியிலும் படகுக்கும் வலைக்கும் கடன் வாங்கி, வட்டிக்கு வட்டி கட்டி நிற்கும் குடும்பங்கள் உன்னிடம் வரும். அன்றைக்கு அந்தத் தீர்ப்பு உன் பையில் இருக்கட்டும்.

அடுத்தது, நீ கேட்காமல் விட்டது. அந்த மாஜிஸ்ட்ரேட் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா என்று உன் மனதில் ஓடுவது வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. பயந்து அடங்கு என்று நான் சொல்ல மாட்டேன். தீர்ப்பை விமர்சிப்பது குடிமகனின் உரிமை. வக்கீலுக்கு அது கடமையும்கூட. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுது. 1967 நவம்பரில் கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, பணக்காரனுக்கும் ஏழைக்கும் நடுவில் வழக்கு வந்தால் நீதிபதியின் மனம் தானாகப் பணக்காரன் பக்கம் சாய்கிறது என்ற பொருளில் சொன்னார். நம் உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. 1970ல் உச்ச நீதிமன்றம் அதை 50 ரூபாயாகக் குறைத்தது, குற்றம் என்பதை மட்டும் நிலைநிறுத்தியது. விட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரு அமைப்பைப் பற்றிய அரசியல் கருத்தை அபராதத்தால் மாற்ற முடியாது. அதே ஈ.எம்.எஸ்.ஸின் முதல் அமைச்சரவையில் சட்டமும் சிறைத்துறையும் பார்த்தவர் கிருஷ்ணய்யர். நீதிபதியாக ஓய்வு பெற்ற பிறகு நீதித்துறையைக் கடுமையாக விமர்சித்து அவர் பேசிய ஒரு பேச்சுக்காக அவர் மீதே அவமதிப்பு மனு வந்தது. 1983ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் பதினாறு வருஷத்தில் கோர்ட்டுக்குத் தோல் கொஞ்சம் தடித்தது, அது நல்லதற்குத்தான். 2006ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மை என்பதைத் தற்காப்பாக வைக்கலாம்.

ஆகவே, ‘இந்த உத்தரவில் காரணம் இல்லை, இது அர்னேஷ் குமாருக்கு விரோதம்’ என்று உன் பெயரிலேயே எழுது, கை நடுங்க வேண்டாம். ‘இவர் போலீஸிடம் விலை போனவர்’ என்று ஆதாரமில்லாமல் எழுதாதே. அப்படி எழுதினால் அந்த இரண்டு பேரின் வழக்கு மறைந்து உன் வழக்கு முன்னால் வந்துவிடும்.

நடத்தையிலேயே தவறு இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 235ஆம் சரத்தின்படி கீழ்க்கோர்ட் நீதிபதிகள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். மொட்டைக் கடிதம் போடாதே. பிரமாணப் பத்திரத்தோடு, தேதியோடு, சரிபார்க்கக்கூடிய ஆவணத்தோடு கொடு. ஒருநாள் சிடுசிடுத்ததற்காகக் கொடுக்காதே. ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் ஒருநாள் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தால் உனக்கே இரக்கம் வரும். காரணமில்லாத ரிமாண்ட் ஒரே கோர்ட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், அந்த உத்தரவுகளின் நகல்களைச் சேர்த்து வை. பத்து உத்தரவு ஒரு கட்டாகப் போகும்போது அதைத் தனிப்பட்ட கோபம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

இன்னொன்று. கொச்சி தாலுகா சட்டப் பணிகள் குழுவில் பேனல் வக்கீலாகப் பெயர் கொடு. காவலில் இருப்பவனுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ரிமாண்ட் நேரத்தில் அந்த வக்கீல் பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறார். பணம் பெரிதாக வராது. உன் சீனியர் ஒருவேளை முகம் சுளிப்பார். நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். தமிழும் மலையாளமும் இரண்டும் எழுதப் படிக்கத் தெரிந்த வக்கீல் இந்தக் கரையில் எத்தனை பேர் இருக்கிறோம் சொல்? விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய தாள்களைத் தயார் செய்துவிட்டு, அந்த இரண்டு பேருக்கான மனுவின் வரைவையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மிஹிர் ஷா தீர்ப்பின் அச்சுப்பிரதி என்னிடம் இருக்கிறது, எந்தெந்தப் பத்தியைக் காட்ட வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து குறித்துவிடலாம்.